வண்டிமேல் ஒரு குடில்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்றொரு சிற்றூர். அதை ஒட்டிப் போகும் ரயில் பாதையோரம் 1840களில் ஒரு பெரிய மரப்பெட்டி கிடந்தது. ஆறடி நீளம், மூன்றடி அகலம். பாதை வேலை செய்தவர்கள் இரவில் தங்கள் கருவிகளை அதில் போட்டுப் பூட்டிவிட்டுப் போவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவுக்கு ஒரு யோசனை வரும். கையில் காசில்லாதவன் இப்படியொரு பெட்டியை ஒரு டாலருக்கு வாங்கி, காற்று வர நாலு ஓட்டை போட்டு, மழையிலும் இரவிலும் உள்ளே படுத்து மூடியைச் சாத்திக்கொண்டால் என்ன? வாடகை கேட்டு யாரும் வாசலில் நிற்கமாட்டார்கள். நினைத்த நேரத்தில் எழுந்து நினைத்த இடத்துக்குப் போகலாம். 1854-இல் வெளிவந்த 'வால்டன்' நூலில் இதைச் சொல்லிவிட்டு, தான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றும் அவரே சேர்த்துக்கொள்கிறார்.

தோரோ கடைசியில் பெட்டி வாங்கவில்லை. 1845-இல் வால்டன் குளக்கரையில், நண்பர் எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், பத்தடிக்குப் பதினைந்தடியில் ஒரு குடில் கட்டினார். ஆணி, சுண்ணாம்பு, கதவுத் தாழ்ப்பாள் வரை கணக்கெழுதி, மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று முடித்தார்.

அவர் வாங்காமல் விட்ட அந்தப் பெட்டியை இன்று கடையில் வாங்கலாம். ஏழடி நீளம், நாலரை அடி அகலம், மேலே அலுமினிய மூடி. தாழ்ப்பாளைத் தட்டினால் வாயுத் தண்டுகள் மூடியை உயர்த்த, கேன்வாஸ் சுவர்கள் விரிந்து நிற்கும். உள்ளே மெத்தை தயாராக இருக்கும், கூடவே ஒரு ஏணியும் வரும். பிக்கப் வண்டியின் தலைக்கு மேலோ, பின்தொட்டியின் மேல் போட்ட இரும்புச் சட்டத்திலோ அது உட்கார்ந்திருக்கும். விலைதான் ஒரு டாலர் இல்லை. துணி மடிப்புக் கூடாரம் ஆயிரம் டாலரைச் சுற்றித் தொடங்குகிறது. அலுமினிய மூடி உள்ளது என்றால் மூவாயிரம், நாலாயிரம், அதற்கும் மேல். 'ரூஃப்டாப் டெண்ட்' என்று உலகெங்கும் அறியப்படும் இந்தக் கூரைக் கூடாரத்தை வாங்குவது தகுமா என்பது டொயோட்டா டகோமா, ஃபோர்டு எஃப்-150 வைத்திருக்கும் அமெரிக்கர்கள் வார இறுதிதோறும் பேசித் தீராத பேச்சு. பேச்சு பெரும்பாலும் எடை, விலை, மெத்தையின் கனம் என்று போய்விடுகிறது. தோரோ கேட்டதோ வேறு: தலைக்கு மேல் எவ்வளவு கூரை இருந்தால் மனிதன் கட்டில்லாமல் இருப்பான்?

முதலில் கூடாரத்தின் கதை. 1950களின் இறுதியிலேயே இத்தாலியில் காரின் கூரைமேல் கூடாரம் விற்றார்கள். கிழக்கு ஜெர்மனியில் டிராபன்ட் என்ற சின்னஞ்சிறு கார்மேல் குடும்பமே ஏறிப் படுக்கும் கூடாரங்கள் 1970களின் பிற்பகுதியில் வந்தன. விடுதி அறை கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்த நாட்டில் அது பால்டிக் கடற்கரைக்கு ஒரு நுழைவுச்சீட்டு. ஆனால் இது வேர்விட்ட மண் தெற்கு ஆப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும்தான். தரையில் முள், தேள், பாம்பு. சில இடங்களில் சிங்கமும் கழுதைப்புலியும். நாளுக்கு முந்நூறு கிலோமீட்டர் புழுதிச் சாலை, அடுத்த நாள் இன்னோர் இடம். அங்கிருந்துதான் அது அமெரிக்காவுக்குப் பரவியது. 2010-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டெபுயி என்ற கூடார நிறுவனம், வெனிசுவேலாவின் மேசை மலைகளின் பெயரைத் தாங்கியது. 2018-இன் கடைசியில் சுவீடனின் தூலே அதை வாங்கிக்கொண்டது. காரின் கூரைக்கம்பிகளும் பெட்டிகளும் விற்றுவந்த பெரிய நிறுவனம் கூடாரத்தில் இறங்கிய பிறகு, இது சில பித்தர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்ல முடியவில்லை.

அனுகூலங்கள் மெய்யானவை. ஈரமோ கல்லோ முதுகில் படாது. மெத்தையைச் சுருட்டத் தேவையில்லை. வெக்கையான இரவில் தரையைவிட மேலே காற்று நன்றாக வரும். இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தாலும் பத்து நிமிடத்தில் படுத்துவிடலாம்.

தொல்லைகளும் அதே அளவுக்கு மெய். கூடாரத்தின் எடை 45 முதல் 90 கிலோ வரை. ஓடும்போது கார்க்கூரை தாங்கக்கூடியது பல வண்டிகளில் 75 கிலோவை ஒட்டித்தான் என்பதால் சாதாரணக் காருக்கு இது சிக்கல். பிக்கப்பில் பின்தொட்டிச் சட்டம் சுமையை ஏற்றுக்கொள்ளும், ஆனால் உயரத்தில் ஏறிய எடை வளைவுகளில் தன்னைக் காட்டிக்கொள்ளும். காற்றும் சும்மா விடாது. பெரிய, மொண்ணை முகமுள்ள கூரைப்பெட்டி நகருக்குள் 2 முதல் 8 சதவீதமும், மணிக்கு 65 முதல் 75 மைல் வேகத்தில் 10 முதல் 25 சதவீதமும் மைலேஜைக் குறைக்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. மூடி வைத்த கூடாரமும் அந்தச் சாதிதான். வண்டித் தலைக்குப் பின்னால் தாழ்த்திப் பொருத்தினால் ஓரளவு தப்பலாம். நள்ளிரவில் சிறுநீர் முட்டும்போது ஏணியில் இறங்குவதைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. ஐம்பது வயது முழங்கால்கள் பேசும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வண்டி நகர வேண்டுமானால் வீட்டை மடிக்க வேண்டும். காலையில் பத்து மைல் தள்ளி ஒரு மலைப்பாதைக்குப் போக ஆசையா? போர்வையைத் திணித்து, துணியை உள்ளே தள்ளி, பட்டியை இறுக்கி, ஏணியைச் சுருக்கி, பிறகுதான் சாவி. திரும்பி வரும்போது அந்த நல்ல மர நிழலில் வேறொருவர் வண்டியை நிறுத்தியிருப்பார். தரையில் அடித்த கூடாரமோ போன இடத்தில் காத்திருக்கும். 'எங்கே நிறுத்துகிறாயோ அங்கே வீடு' என்ற கவர்ச்சியின் மறுபக்கம் இது.

இந்த இடத்தில்தான் இது வெறும் பொருள் வாங்கும் கேள்வியாக இல்லாமல் போகிறது. தற்காலிகமாகத் தங்குவது என்றால் என்ன, அதற்கென்று கட்டியது எந்தக் கணத்தில் இன்னொரு சொத்தாகிவிடுகிறது என்பதைச் சமயங்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கின்றன. வண்டிமேல் கட்டிய குடிலைப் பற்றியே, சொல்லப்போனால், சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடாரப் பண்டிகை என்று அறிந்திருக்கும் யூதர்களின் சுக்கோத் திருவிழாவை லேவியராகமத்தின் 23-ஆம் அதிகாரம் விதிக்கிறது. எகிப்திலிருந்து புறப்பட்ட முன்னோர் குடில்களில் வாழ்ந்ததை நினைத்து, ஏழு நாள் குடிலில் இருக்க வேண்டும். எப்படிப்பட்ட குடில் என்பதை கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் அதன்மேல் எழுந்த விவாத நூலான தல்மூதும் அங்குலம் அங்குலமாக விவாதிக்கின்றன. உயரம் இருபது முழத்துக்கு மேல் கூடாது. கூரை மண்ணில் விளைந்த, வெட்டியெடுத்த கிளையும் ஓலையுமாக இருக்க வேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். மரத்தடியில் கட்டினால் செல்லாது. சுவர் விஷயத்தில் மட்டும் ரப்பிகள் எனப்படும் யூத அறிஞர்கள் தாராளமானவர்கள், எதை வேண்டுமானாலும் நிறுத்தலாம். யானையைக் கட்டி ஒரு பக்கச் சுவராக வைத்தால் ஆகுமா என்றுகூடக் கேட்டார்கள். ஆகும். யானை செத்து விழுந்தாலும் அதன் உடல் பத்துக் கையகல உயரத்துக்குக் குறையாதே என்பது காரணம். பாபிலோனில் உட்கார்ந்து இதைப் பேசியவர்கள் சிரிக்காமல் பேசியிருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

அந்த வரிசையில்தான் வண்டி வருகிறது. வண்டியின் மேலோ கப்பலின் மேலோ கட்டிய குடில் செல்லும், திருநாளன்றே அதில் ஏறலாம் என்கிறது மிஷ்னா. மரத்தின் மேலும் ஒட்டகத்தின் மேலும் கட்டியது கூடச் செல்லும், ஆனால் மரமேறுவதும் விலங்கில் ஏறுவதும் திருநாளுக்கு ஆகாது என்பதால் அன்று மட்டும் அதில் ஏறக்கூடாது. இன்று நியூயார்க் தெருக்களில் ஹபாத் என்ற யூத இயக்கத்தினர் பிக்கப் வண்டிகளின் பின்தொட்டியில் மரப்பலகைச் சுவரும் மூங்கில் கூரையுமாகக் குடில் கட்டிக்கொண்டு சுற்றுவது அந்த அனுமதியின் பலத்தில்தான். திருவிழாவின் இடைநாட்களில் மன்ஹாட்டனின் அலுவலகக் கூட்டம் படியேறி, ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டு, ஆசி சொல்லி இறங்கிப் போகிறது.

நகரும் குடில் எல்லோருக்கும் உவப்பாக இருந்துவிடவில்லை. ரப்பான் கமாலியேலும் ரப்பி அகீவாவும் ஒரே கப்பலில் பயணம் போனார்கள். இந்த கமாலியேல் அப்போஸ்தலருடைய நடபடிகளில் வருபவரின் பேரன். அகீவா கப்பலின் முனையில் ஒரு குடில் கட்டினார். மறுநாள் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. உன் குடில் எங்கே போயிற்று என்று கமாலியேல் கிண்டலாகக் கேட்டார் என்கிறது தல்மூத். நான்காம் நூற்றாண்டின் அறிஞர் அபாயே இந்தக் கிண்டலுக்குள் ஒரு கொள்கைச் சண்டையைக் காட்டினார். தரையில் வழக்கமாக வீசும் காற்றையே தாங்காத குடில் குடிலே அல்ல என்பதில் இருவருக்கும் ஒருமித்த கருத்து. தரைக்காற்றைத் தாங்கி, கடற்காற்றைத் தாங்காதது என்றால்? கமாலியேலுக்கு அது போதாது, ஏனென்றால் குடில் நிலையான வீட்டின் தன்மையோடு இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அகீவாவுக்குப் போதும். தற்காலிக வீடு தற்காலிகமாக இருப்பதுதானே நியாயம்?

கூரைக் கூடார வணிகம் முழுக்க முழுக்க கமாலியேல் கட்சி. மூன்று பருவத் துணி, நான்கு பருவத் துணி, மெத்தைக்கடியில் வியர்வை தேங்காமலிருக்க வலைப்பாய், உள்ளே விளக்கு, மேலே சூரியத் தகடு. ஒவ்வோர் ஆண்டும் கடற்காற்றை ஒரு படி கூடத் தாங்குகிற கூடாரம் வருகிறது, விலையும் அதற்கேற்பக் கூடுகிறது. அகீவா கட்சிக்காரர் நூறு டாலர் கூடாரத்தைத் தரையில் அடிப்பார், காற்று பிய்த்துப்போனால் வண்டிக்குள் சுருண்டு படுப்பார்.

இதைக் கேட்டு, வசதியைத்தான் சமயம் கண்டிக்கிறது என்று முடிவு கட்டினால் அது அவசரம். சுக்கோத் விதிகள் வசதிக்கு எதிரானவை அல்ல. ஏழு நாளும் குடிலை நிலையான இல்லமாகவும் வீட்டைத் தற்காலிகமாகவும் கருத வேண்டும் என்பதால், நல்ல பாத்திரங்களையும் நல்ல விரிப்புகளையும் குடிலுக்கே கொண்டுபோகச் சொல்கிறார்கள். மழை கொட்டிக் கஞ்சி கெட்டுவிடும் நிலை வந்தால் உள்ளே போய்விடலாம். துன்பப்படுகிறவனுக்குக் குடில் கடமை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நனைவதில் புண்ணியம் ஏதும் வைக்கப்படவில்லை. விதிகளின் கண்டிப்பெல்லாம் வேறிரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று கூரை: அது முற்றிலும் அடைபட்ட உறுதியான கூரையாக இருக்கக்கூடாது, மழைக்கு வழிவிட வேண்டும். மற்றொன்று நாள். ஏழு நாள் முடிந்தபின் வேறு இடமில்லாமல் அங்கேயே சாப்பிட நேர்ந்தால், கூரையில் ஒரு பகுதியைப் பிய்த்து அது இனி குடில் அல்ல என்று காட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்கிறது தல்மூத். வசதி இருக்கலாம், முடிவும் கட்டாயம் இருக்க வேண்டும்.

வசதியைக் குறைத்தும் விடுபடாதவர் ஒருவர் உண்டு. ஜப்பானில் கியோத்தோவின் கமோ கோவில் பூசகர் குடும்பத்தில் பிறந்த கமோ நோ சோமே, பரம்பரைப் பதவி கைநழுவிப்போக, ஐம்பது வயதுவாக்கில் துறவியானார். அறுபதை நெருங்கும்போது ஹினோ மலையில் ஒரு குடில் கட்டினார். பத்தடிச் சதுரம், உயரம் ஏழடிக்கும் குறைவு. அவர் அதற்கு முன் இருந்த வீட்டின் அளவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மூட்டுக்கு மூட்டு கொக்கி போட்டுப் பிணைத்தார். இடம் பிடிக்காவிட்டால் கழற்றி இரண்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது திட்டம். உள்ளே அமிதாப புத்தரின் படம், கவிதைப் புத்தகங்கள், மடக்கக்கூடிய கோதோ யாழ், பிரித்துப் பூட்டக்கூடிய பீவா வீணை. மடிப்பு நாற்காலியும் மடிப்பு அடுப்பும் அடுக்கிய பிக்கப் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது.

இத்தனை ஏற்பாட்டுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. 1177-இல் தலைநகரில் பெருந்தீ. 1180-இல் சூறைக்காற்று. அதே ஆண்டு தலைநகரையே ஃபுகுஹராவுக்கு மாற்ற, மக்கள் வீடுகளைப் பிரித்து யோதோ ஆற்றில் மிதக்கவிட்டார்கள். தொடர்ந்து பஞ்சம், 1185-இல் நிலநடுக்கம். வீடு கட்டி அதற்காகக் கவலைப்படுவதைப் போல் மடமை வேறில்லை என்று அவர் தீர்மானித்ததில் வியப்பில்லை. 1212-இல் 'ஹோஜோகி' என்ற சிறு நூலில் இதையெல்லாம் எழுதி, குடிலின் இன்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தபின், கடைசிப் பக்கத்தில் அவர் தன்னையே மடக்குகிறார். இந்தக் குடிலின்மேல் தான் வைத்திருக்கும் பிரியமும் ஒரு பற்றுதானே? இந்த அமைதியை விரும்புவதும் விடுதலைக்குக் குறுக்கே நிற்பதுதானே? மனத்திடம் பதில் இல்லை. நாக்கு மட்டும் இரண்டு மூன்று முறை அமிதாபரின் பெயரைச் சொல்கிறது. நூல் முடிந்துவிடுகிறது.

அந்த இரண்டு வண்டிகள் கடைசிவரை தேவைப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எங்கும் போகலாம் என்ற வசதியோடு கட்டியவர், கட்டிய இடத்தை நேசித்து அங்கேயே சில ஆண்டுகள் இருந்துவிட்டார். கூடாரத்தை வண்டியில் ஏற்றியவர்களில் எத்தனையோ பேருக்கு நேர்வதும் இதுதான். வாங்கும்போது ஆசை நகர்வின்மேல், விடுமுறை கிடைத்ததும் தேடுவது ஆற்றங்கரையில் மூன்று நாள் அசையாமல் உட்கார ஓர் இடம்.

புத்தருடைய துறவியர் விதிகளான விநயம் இன்னொரு அளவுகோலைத் தருகிறது. ஆளவி என்ற ஊரில் பிக்குகள் தங்களுக்குக் குடில் கட்டக் கிளம்பினார்கள். அளவேதும் கிடையாது. மூங்கில் கொடு, ஆள் கொடு, மாடு கொடு, கத்தி கொடு, கோடரி கொடு என்று ஊராரைப் பிடுங்கியெடுத்தார்கள். ஊர்மக்கள் பிக்குவைக் கண்டால் தெருவை மாற்றினார்கள். தூரத்தில் பசுமாட்டைக் கண்டுகூட பிக்குதான் வருகிறார் என்று ஓடினார்கள் என்கிறது கதை. விளைவாகப் பிறந்த விதி, தனக்கெனக் கட்டும் குடில் புத்தரின் சாண் கணக்கில் நீளம் பன்னிரண்டு, அகலம் ஏழுக்கு மிகக்கூடாது என்றது. கட்டும் இடம் மற்ற உயிர்களுக்கு இடைஞ்சலற்றது என்று மற்ற பிக்குகள் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தது. இங்கே கேட்கப்படுவது, படுப்பவனுக்கு எவ்வளவு சுகம் என்பதல்ல. இந்தக் கூரை யார் தலையில் எவ்வளவு கனக்கிறது என்பது.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இதன் மறுமுனையைத் தொட்டுப் பார்க்கலாம். மாங்குளத்தில், இயற்கையான குகைத்தளங்களில், சமணத் துறவியருக்கென்று கல்லிலேயே படுக்கை செதுக்கியிருக்கிறார்கள். மேலே பாறை நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமலிருக்கக் காடி வெட்டியிருக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, கணிநந்தன் என்ற துறவிக்குச் செய்து கொடுத்ததைத் தமிழ்ப் பிராமி எழுத்துகள் சொல்கின்றன. ஓரிடத்தில் நிலைத்திருக்கக் கூடாது என்ற நோன்புள்ளவர்களுக்கு, மழைக்காலம் தவிர ஊர் ஊராக நடப்பவர்களுக்கு, இரண்டாயிரம் ஆண்டு அசையாத படுக்கை! படுக்கை நிலையானது, படுப்பவர் நகர்கிறவர். எழுந்து போனால் அடுத்த துறவிக்கு இடம். எதையும் மடிக்கவோ இறுக்கவோ தூக்கவோ தேவையில்லை. தங்குமிடத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்கு இதைவிட இலேசான விடை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் மேடை கட்டிய முகாம் தலங்கள் ஓரளவு இதற்குப் பக்கத்தில் வரும்.

யூட்டாவின் மோவாப் நகரைச் சுற்றி வசந்தத்தில் பிக்கப் வண்டிகள் குவிகின்றன. சுற்றியிருப்பது பெரும்பாலும் நிலமேலாண்மைப் பணியகத்தின் பொதுநிலம். பணியகத்திடம் நாடு முழுக்க ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் உண்டு. பல இடங்களில் யாரும் கட்டணம் கேட்பதில்லை, ஒரு வரம்பு மட்டும் உண்டு. பொதுவாக 28 நாளில் 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் தங்கக்கூடாது. அதற்குமேல் இருப்பவர் குடியேறியவர் ஆகிவிடுவார். ரப்பிகள் ஏழு என்றார்கள், அமெரிக்க அரசு பதினான்கு என்கிறது. தற்காலிகத்தை நாளால்தான் அளக்க முடியும் என்பதில் இரு தரப்பும் ஒன்றே. ஆளவி மக்களின் குறை இங்கும் உண்டு. சாலையை விட்டு விலகிப் பாலைமண்ணில் ஏறும் ஒவ்வொரு சக்கரமும் அந்த மண்ணின் உயிருள்ள மேல்தோலை நசுக்குகிறது. அது மீள ஆண்டுக்கணக்காகும். கூரைக் கூடாரத்தின் சார்பில் இங்கே ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்: வண்டி நின்ற இடத்துக்கு மேல் அது ஓர் அங்குலம் கூடக் கேட்பதில்லை. செடியைப் பிடுங்கவோ தரையைச் சமன் செய்யவோ தேவையில்லை. ஆனால் அந்த நன்மை வண்டி ஏற்கெனவே பழகிய தடத்தில் நின்றால்தான். எங்கும் படுக்கலாம் என்று விற்கப்படுகிற பொருள் அந்தக் கட்டுப்பாட்டைக் கற்றுத்தருவதில்லை.

உயரம் காவல் என்பதும் பாதி உண்மைதான். யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமுக்குள் கெட்டியான சுவருள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி, துணிச்சுவருக்குக் கிடையாது. கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் அது. ஏழடி உயரத்தில் இருக்கிறோம் என்று வாதாடிப் பயனில்லை. கரடி எழுந்து நின்றால் எட்டுகிற உயரம்தானே.

ஆகவே தகுமா என்றால், யாருக்கு என்று கேட்காமல் சொல்ல முடியாது. தினமும் நகர்கிறவருக்குத் தகும். ஒவ்வொரு இரவும் புது இடம், ஒவ்வொரு காலையும் எப்படியும் மூட்டை கட்டியாக வேண்டும் என்னும்போது, வண்டியை அசைக்க வீட்டை மடிப்பது தொல்லையே அல்ல, அதுதான் அன்றைய வேலை. ஓரிடத்தில் போய் அமர்கிறவருக்குத் தகாது. அவருக்கு இது வண்டியைக் கட்டிப்போடும் முளைக்குச்சி. இருநூறு டாலருக்கு நல்ல தரைக்கூடாரமும் ஒரு தடித்த பாயும் வாங்கி, மிச்சத்தைப் பெட்ரோலுக்கும் சம்பளமில்லா விடுப்புக்கும் செலவிட்டால், கூடுதலாக எத்தனையோ இரவுகள் கிடைக்கும். பிக்கப் வைத்திருப்பவருக்கு இன்னும் மலிவான வழி, பின்தொட்டிக்கு ஒரு மூடி போட்டு உள்ளேயே படுத்துக்கொள்வது. தோரோவின் பெட்டிக்கு மிக அருகில் வருவது அதுதான்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, சந்தை தழைப்பது அவர்களால். கூடாரத்தை ஏற்றிவிட்டு, ஆண்டு முழுக்க அதோடு அலுவலகம் போய்வருபவர்கள். இறக்க இருவரோ மூவரோ வேண்டும், ஆள் கிடைப்பதில்லை, அடுத்த மாதம் போகத்தானே போகிறோம் என்று ஏறியது ஏறியபடி இருக்கிறது. மைலேஜ் குறைகிறது, துணி வெயிலில் நைகிறது, பல வாகன நிறுத்தகங்களின் தாழ்ந்த உத்திரம் வாசலிலேயே தடுக்கிறது. இதற்கு மருந்தாகக் கராஜ் கூரையில் மாட்டும் கப்பிக் கருவிகளையும் விற்கிறார்கள். வீட்டைவிட்டு வெளியேற வாங்கிய கூடாரத்துக்கு இப்போது வீட்டிலேயே ஓர் இடமும், அதைத் தூக்கி இறக்க ஒரு சாதனமும் தேவை. சுக்கோத் முடிந்ததும் கூரையைப் பிய்க்கச் சொன்ன ரப்பிகள் எதைப் பார்த்துப் பயந்தார்கள் என்பது இந்தக் கராஜுக்குள் நின்றால் விளங்கும்.

தினமும் நகரும் பயணம் ஆண்டுக்கொரு முறைதான் வாய்க்கும் என்பவர்களுக்கு நமீபியாக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விண்ட்ஹுக்கில் வாடகைக்கு எடுக்கும் டொயோட்டா ஹைலக்ஸ்கள் பலவும் கூரையில் கூடாரத்தோடுதான் வருகின்றன. குடும்பம் பெரிதென்றால் இரண்டு. அடுப்பு, குளிர்பெட்டி, பாத்திரம், போர்வை எல்லாம் உள்ளே. அங்கிருந்து செஸ்ரியெமின் செம்மணல் குன்றுகள், ஸ்வகோப்முண்ட் கடற்கரை, எடோஷாவில் விலங்குகள் நீர் குடிக்க வரும் ஒகாகுவேயோ முகாம் என்று பதினைந்து நாள் சுற்றினால், ஓரிடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்குவது அரிது. எல்லை தாண்டி போட்ஸ்வானாவின் சவுட்டிக்குப் போனால் முகாமுக்கு வேலியே கிடையாது, யானைகள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து காய் பொறுக்கும். அங்கே ஏணியில் இறங்கும் முன் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். திரும்பி வந்து சாவியை ஒப்படைக்கும்போது நிறுவனத்தின் ஆள் கூடாரத்தை ஒருமுறை விரித்து, ஜிப்பை இழுத்துப் பார்த்து, ஏணியின் பூட்டைச் சோதித்து, மூடி வைப்பார். மறுநாள் காலை அந்த வண்டி வேறொரு குடும்பத்துக்கு.